நூறு சதவீதம் என்றால் எதில் நூறு? – மின்காரின் தரவை வாசிப்போம்

எங்கள் பள்ளியில் உடன் பணிபுரியும் கணித ஆசிரியர் ஒருவர் சென்ற ஆண்டு பழைய மின்சாரக் கார் ஒன்றை வாங்க விரும்பினார். அதற்காகச் சேமநல நிதியிலிருந்து முன்பணமும் எடுத்திருந்தார். வண்டியைப் பார்க்கப் போனபோது என்னையும் உடன் அழைத்துச் சென்றார். உரிமையாளர் வண்டியை இயக்கி முகப்புத் திரையைக் காட்டினார். பேட்டரி 100 சதவீதம் என்று பச்சை நிறத்தில் ஒளிர்ந்தது.

"நூறு காட்டுது பாருங்க சார், இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார்.

கணித ஆசிரியர் வகுப்பில் கேட்பதுபோலவே கேட்டார்: "நூறு சதவீதம் சரிங்க. எதுல நூறு?"

உரிமையாளரிடம் பதில் இல்லை. அறிவியல் ஆசிரியரான எனக்கும் அப்போது தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனதில் தெரிந்துகொண்டவற்றையே இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

மழைக்காலத்தில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏரி நூறு சதவீதம் நிரம்பிவிட்டது என்கிறோம். அது பல ஆண்டுகளாகத் தூர் வாராத ஏரியாக இருந்தால்? நீர்மட்டம் அதே உயரத்தில்தான் இருக்கும். உள்ளே இருக்கும் தண்ணீரோ குறைவு. பேட்டரியும் அப்படித்தான். 'எவ்வளவு நிரம்பியிருக்கிறது' என்பது ஒரு செய்தி. 'எவ்வளவு கொள்ளும்' என்பது வேறொரு செய்தி. திரை பெரும்பாலும் முதல் செய்தியை மட்டுமே சொல்கிறது. இரண்டாவதை அறிய வண்டியின் உள்ளே ஓடும் எண்களைப் படிக்க வேண்டும்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு போர்ட்

ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தால், 16 முனைகள் கொண்ட, சரிவக வடிவிலான ஒரு போர்ட் தெரியும். மெக்கானிக் ஸ்கேனரைச் செருகும் இடம் அதுதான். 'ஓபிடி போர்ட்' என்பார்கள். வண்டி தன்னைத் தானே சோதித்து, கண்ட குறையைச் சொல்லும் ஏற்பாடு அது.

இந்த ஏற்பாடு புகையைக் கட்டுப்படுத்தவே உருவானது. காற்று மாசைக் குறைக்க நினைத்த அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், 1988 மாடல் கார்களிலிருந்து இத்தகைய சோதனை அமைப்பைக் கேட்கத் தொடங்கியது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஒரே வடிவப் போர்ட் கட்டாயமானது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இல் இதே முறை வந்தது. இந்தியாவிலும் பாரத் நிலை 4 விதிகளோடு நுழைந்தது.

மின்காரின் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. இன்ஜின், புகை பற்றிய கேள்விகளுக்கு எல்லா நிறுவனங்களின் கார்களும் ஒரே முறையில் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டம் சொன்னது. மின்காருக்குப் புகைக்குழாயே இல்லை. ஆகவே பேட்டரியைப் பற்றிய கேள்விகளுக்குப் பொதுவான முறை எதுவும் அப்போது கட்டாயமாகவில்லை. பெரும்பாலான மின்கார்களில் போர்ட் இருக்கிறது. ஆனால் பேட்டரி விவரத்தை எந்தக் குறியீட்டில் கேட்பது, பதிலை எப்படிப் பிரிப்பது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டெஸ்லா மாடல் 3 போன்ற காரில் தரவைப் படிக்க, உள்ளே செல்லும் கம்பி இணைப்பில் தனி அடாப்டர் பொருத்த வேண்டியிருக்கிறது.

இரண்டு கம்பிகளில் ஓர் உரையாடல்

இன்றைய காருக்குள் பல சிறு கணினிகள் இருக்கின்றன. பிரேக்குக்கு ஒன்று, காற்றுப்பைக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் தனித்தனிக் கம்பியால் இணைத்தால் கார் முழுக்கக் கம்பியாகத்தான் இருக்கும். இதற்கு ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986இல் ஒரு தீர்வை வெளியிட்டது. அதன் பெயர் 'கேன்'. முறுக்கப்பட்ட இரண்டே கம்பிகளில் எல்லாக் கணினிகளும் பேசிக்கொள்ளும். போர்ட்டின் 6ஆம், 14ஆம் முனைகள் இந்தக் கம்பிகளோடு சேர்பவை. 4, 5 ஆகியவை தரை இணைப்பு. 16ஆம் முனையில் 12 வோல்ட் மின்சாரம் கிடைக்கும்.

ஒரு கம்பி போதாதா, ஏன் இரண்டு? யாரும் பேசாதபோது இரண்டிலும் 2.5 வோல்ட் இருக்கும். '0' என்று சொல்ல ஒன்று 3.5 ஆக உயரும், மற்றது 1.5 ஆக இறங்கும். கேட்கும் கணினி வித்தியாசத்தை மட்டுமே பார்க்கிறது. பக்கத்தில் உள்ள மோட்டாரால் இரைச்சல் ஏற்பட்டு இரண்டு கம்பிகளிலும் ஒரே அளவு மின்னழுத்தம் கூடினாலும் வித்தியாசம் மாறாது. (அ + க) – (ஆ + க) = அ – ஆ. ஏழாம் வகுப்பு இயற்கணிதம் காருக்குள் இரைச்சலை நீக்குகிறது!

கம்பியின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று இருக்கும். பக்க இணைப்பில் இவற்றின் தொகுபயன் மின்தடை 60 ஓம். மெக்கானிக் அளக்கும்போது 60க்குப் பதிலாக 120 காட்டினால், ஒரு முனையின் மின்தடையோ அதற்குச் செல்லும் கம்பியோ துண்டிக்கப்பட்டிருக்கிறது என்று அறிந்துகொள்வார். பத்தாம் வகுப்பின் பக்க இணைப்புக் கணக்குக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

கேள்வியும் எண், பதிலும் எண்

ஸ்கேனர் வண்டியிடம் பதினாறு நிலை எண்களில் பேசுகிறது. இதில் 0 முதல் 9 வரையும், பின் 10 முதல் 15 வரைக்கு ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் உண்டு.

வேகத்தைக் கேட்கும் கேள்வி '01 0டி'. 01 என்றால் 'இப்போதைய நிலவரம் சொல்', 0டி என்றால் 'வேகம்'. வண்டி '41 0டி 32' என்று பதில் சொல்கிறது என வைத்துக்கொள்வோம். முதல் இரண்டும் 'நீ கேட்டதற்கான பதில் இது' என்பதற்கான அடையாளம். கடைசி எண்தான் விடை: 3 × 16 + 2 = 50. வண்டி மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகிறது.

பேட்டரி விவரம் இவ்வளவு சிறியதாக வராது. நிசான் லீஃப் காரின் பேட்டரியில் 96 செல் இணைகள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் இணையின் மின்னழுத்தமும் மில்லிவோல்ட்டில் இரண்டு பைட்களாக வரும். மொத்தம் 192 பைட். கேன் செய்தி ஒன்றில் 8 பைட் மட்டுமே அடங்கும். அதிலும் ஒன்று வரிசை எண்ணுக்குப் போய்விடும். எனவே பதில் ஏறத்தாழ 30 துண்டுகளாக வரும். அவற்றை வரிசையாக ஒட்டி, இரண்டிரண்டாகப் பிரித்துப் படிக்க வேண்டும். '0எஃப் ஏ0' என்று வந்தால் 15 × 256 + 10 × 16 + 0 = 4000 மில்லிவோல்ட், அதாவது 4 வோல்ட்.

இந்தக் கணக்குகளைச் செயலியே செய்துவிடும். ஆனாலும் அது எங்கிருந்து எடுத்து என்ன செய்கிறது என்று ஒருமுறையாவது கையால் போட்டுப் பார்த்தால்தான் திரையில் தெரியும் எண்ணைக் கேள்வி கேட்கும் துணிவு வரும்.

அரிசோனா கற்றுத்தந்தது

லீஃப் கார் 2010 டிசம்பரில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. பேட்டரி 24 கிலோவாட் மணி. அதைக் குளிர்விக்கத் திரவக் குழாய் அமைப்பு கிடையாது. முகப்பில் பேட்டரியின் கொள்ளளவைக் காட்ட 12 சிறு கட்டங்கள் இருந்தன. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில், 2012இல் சிலரது கார்களில் கட்டங்கள் ஒவ்வொன்றாக அணையத் தொடங்கின.

இங்கே ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 12 கட்டங்களும் சமமானவை அல்ல. முதல் கட்டம் அணைய, கொள்ளளவு ஏறத்தாழ 15 சதவீதம் குறைய வேண்டும். அடுத்தடுத்த ஒவ்வொரு கட்டத்துக்கும் 6.25 சதவீதம் குறைந்தால் போதும். ஆக, 12 கட்டங்களும் எரியும் இரண்டு கார்களில் ஒன்றின் கொள்ளளவு 99 சதவீதமாகவும் மற்றொன்றின் கொள்ளளவு 86 சதவீதமாகவும் இருக்கலாம். ஒரே தரநிலை பெற்ற இரு மாணவர்களின் மதிப்பெண்களில் இருக்கும் வேறுபாட்டை இது நினைவூட்டுகிறது. கட்டம் என்பது தரநிலை அட்டை. போர்ட்டில் வரும் எண்தான் திருத்திய விடைத்தாள்.

உரிமையாளர்கள் அந்த விடைத்தாளைத் தேடினார்கள். கேன் கம்பியில் ஓடும் செய்திகளை நோட்டமிட்டு, பேட்டரியில் மீதமுள்ள ஆற்றலைக் குறிக்கும் எண் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். கண்டறிந்த உரிமையாளரின் பெயரைச் சுருக்கி அந்த அலகுக்கு 'கிட்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு கிட் ஏறத்தாழ 80 வாட் மணி. புதிய காரை முழுதாக ஏற்றினால் 281 கிட் வரை காட்டும். 281 × 80 = 22,480 வாட் மணி, அதாவது ஏறத்தாழ 22.5 கிலோவாட் மணி. 2012 செப்டம்பரில் பீனிக்ஸ் பகுதியில் 12 லீஃப் கார்களை ஒரே பாதையில் ஓட்டி, ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் போகிறது என்றும் ஒப்பிட்டார்கள்.

பயன்பாட்டுக்கும் வெப்பத்துக்கும் ஏற்ற தேய்மானம்தான் இது என்பது நிறுவனத்தின் தொடக்க நிலைப்பாடு. பின்னர் கொள்ளளவுக்கென்றே ஓர் உத்தரவாதத்தை அமெரிக்காவில் அறிவித்தது. 5 ஆண்டு அல்லது 60,000 மைல், இவற்றில் எது முதலில் வருகிறதோ அதற்குள், 9 கட்டங்களுக்குக் கீழே இறங்கும் பேட்டரி சரிசெய்து தரப்படும். வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும் பேட்டரி 2015 மாடலில் வந்தது. 'என் வண்டி முன்புபோல ஓடவில்லை' என்ற முறையீடு எண்ணாக மாறியபோது அதற்கு எடை கூடியது.

பதிவு செய்வது எப்படி?

தேவையானவை மூன்று. போர்ட்டில் செருகும் புளூடூத் அல்லது வைஃபை ஸ்கேனர், ஒரு கைப்பேசி, நம் கார் மாடலின் பேட்டரிக் குறியீடுகளை அறிந்த செயலி. மூன்றாவதே முக்கியம். பொதுவான செயலி பல மின்கார்களில் வேகத்தைத் தவிர அதிகம் காட்டாது.

1. வண்டி நின்றிருக்கும்போதே ஸ்கேனரைச் செருகி, செயலியை இணைக்க வேண்டும்.

2. பதிவு செய்ய வேண்டிய பத்திகள்: நேரம், வேகம், பேட்டரி மின்னழுத்தம், மின்னோட்டம், நிரம்பிய சதவீதம், பேட்டரி வெப்பநிலை, செல்களில் மிகக் குறைந்த, மிக உயர்ந்த மின்னழுத்தங்கள். எல்லாவற்றையும் கேட்டால் பதில் வரத் தாமதமாகும். இவை போதும்.

3. முதலில் சிறிது தூரம் ஓட்டி, மின்னோட்டத்தின் குறியைச் சரிபார்க்க வேண்டும். பேட்டரியிலிருந்து வெளியேறும் மின்னோட்டத்தைச் சில கார்கள் நேர்க்குறியிலும் சில எதிர்க்குறியிலும் காட்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வருவது ஒரு குறி, பிரேக் பிடிக்கையில் மின்சாரம் திரும்பும்போது வருவது மற்றொரு குறி.

4. பிறகு வழக்கமான பயணத்தில் பதிவு செய்து, கோப்பை விரிதாளில் திறக்கலாம்.

எண்களிலிருந்து விடைக்கு

ஒரு நொடியில் 350 வோல்ட், 40 ஆம்பியர் என்று பதிவாகியிருந்தால், திறன் 350 × 40 = 14,000 வாட். அந்த ஒரு நொடியில் செலவான ஆற்றல் 14,000 ஜூல். இப்படி ஒவ்வொரு வரிசைக்கும் கண்டு, கூட்டி, 36,00,000 ஆல் வகுத்தால் மொத்தம் எத்தனை கிலோவாட் மணி என்பது கிடைக்கும். மின்சாரம் திரும்பிய நொடிகள் எதிர்க்குறியோடு கழிந்துவிடும்.

இங்கே ஒரு தவறு எளிதில் நேரும். புளூடூத் இணைப்பு விட்டு விட்டு வரும்போது சில வரிசைகள் பதிவாகாமல் போகும். எல்லா வரிசையும் ஒரு நொடி என்று எடுத்துக்கொண்டால் மொத்தம் குறைந்து, நல்ல பேட்டரியும் தேய்ந்ததாகத் தெரியும். ஆகவே முந்தைய வரிசைக்கும் இந்த வரிசைக்கும் இடையிலான உண்மையான நேர வேறுபாட்டால் பெருக்க வேண்டும்.

இனி விடை. எடுத்துக்காட்டாக, 90 சதவீதத்திலிருந்து 40 வரை ஓட்டியதில் 11 கிலோவாட் மணி செலவாகியிருந்தால், 50 சதவீதத்துக்கு 11. முழுமைக்கு 22. புதிதாக இருந்தபோது பயன்படுத்தக்கூடிய அளவு 28 என்றால், 22 ÷ 28 = ஏறத்தாழ 79 சதவீதம். ஏரி எவ்வளவு தூர்ந்திருக்கிறது என்று இப்போது தெரிந்துவிட்டது. திரை காட்டும் சதவீதமே ஒரு மதிப்பீடுதான் என்பதால், 10 சதவீத ஓட்டத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. பாதிக்கு மேல் ஓட்டி, வேறு வேறு நாள்களில் இரண்டு மூன்று முறை பார்ப்பது நல்லது.

செல்களின் வேறுபாடும் முக்கியம். தொடரிணைப்பில், கைகோத்து நடக்கும் மாணவர் வரிசையைப்போல, மெதுவாக நடப்பவரே மொத்த வேகத்தை முடிவு செய்வார். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட வேகமாக மின்னழுத்தம் இழந்தால், மற்றவற்றில் ஆற்றல் இருந்தும் வண்டி நிற்க வேண்டிவரும். சராசரி நன்றாக இருந்தாலும் குறைந்தபட்ச எண்ணைப் பார்க்க வேண்டும்.

வகுப்பறையில்

இதற்குப் பள்ளியில் மின்கார் இருக்க வேண்டும் என்பதில்லை. யாரோ ஒருவர் பதிவு செய்த ஒரு கோப்பு போதும். உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினியில் திறந்து பணியாற்றலாம்.

தொடக்க வகுப்புகளில், 12 கட்டங்கள் வரைந்து சமமாகவும் சமமில்லாமலும் பிரித்து, 'படம் சொல்வது முழு உண்மையா?' என்று கேட்கலாம். நடுநிலை வகுப்புகளுக்கு, மின்னோட்டத்தின் எதிர்க்குறி முழுக்களுக்குப் பொருள் தருகிறது. பத்தாம் வகுப்பில் 96 செல்களின் மின்னழுத்தங்களுக்கு வீச்சும் திட்டவிலக்கமும் காணச் சொல்லலாம். பாடநூல் கணக்கில் திட்டவிலக்கம் வெறும் எண்ணாக நிற்கிறது. இங்கே அது 'பேட்டரி ஒற்றுமையாக இருக்கிறதா' என்ற கேள்விக்கு விடை.

மேல்நிலை இயற்பியலுக்கு அக மின்தடை. ஆக்சிலரேட்டரை அழுத்தியபோது மின்னோட்டம் 10இலிருந்து 110 ஆம்பியராகி, மின்னழுத்தம் 360இலிருந்து 350 வோல்ட்டாக இறங்கியது என்று கொள்வோம். 10 ÷ 100 = 0.1 ஓம். அப்போது உள்ளே வெப்பமாகும் திறன் 110 × 110 × 0.1 = 1,210 வாட். பேட்டரி ஏன் சூடாகிறது என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள். கணினி அறிவியலுக்கு எண் முறைகள் பாடம் இருக்கவே இருக்கிறது.

கவனிக்க வேண்டியவை

படிக்க மட்டுமே செய்ய வேண்டும். பொருள் தெரியாத கட்டளைகளை அனுப்புவதும் பிழைக் குறியீடுகளை அழிப்பதும் கூடாது. ஓட்டும்போது கைப்பேசியைத் தொடாமல், உடன் வருபவரிடம் கொடுத்துவிடலாம். ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் கொண்டவை. போர்ட்டுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. அவற்றின் பக்கமே போக வேண்டாம்.

வேலை முடிந்ததும் ஸ்கேனரைக் கழற்றிவிட வேண்டும். அது 50 மில்லி ஆம்பியர் எடுத்தாலும் ஒரு நாளில் 1.2 ஆம்பியர் மணி. விடுமுறை முடிந்து வரும்போது 12 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. 2015இல் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள், ஓபிடி போர்ட்டில் செருகிய ஒரு கருவிக்குக் குறுஞ்செய்தி அனுப்பி ஒரு காரின் பிரேக்கைத் தூரத்திலிருந்து இயக்கிக் காட்டினார்கள். நாம் படிக்கும் வாசல் வழியே பிறரும் நுழைய முடியும். பதிவுக் கோப்பில் நாம் போன இடங்களும் இருக்கலாம் என்பதால், வகுப்பில் பகிரும் முன் இருப்பிடப் பத்தியை நீக்கிவிடுவது நல்லது.

விடைத்தாளைப் பார்க்கும் உரிமை

நாங்கள் பார்த்த காரில் ஸ்கேனர் ஒவ்வொரு செல்லின் எண்ணையும் தரவில்லை. மின்னழுத்தம், மின்னோட்டம், சதவீதம் ஆகியவை மட்டும் கிடைத்தன. உரிமையாளரின் சம்மதத்தோடு இரண்டு நாள் ஓட்டிப் பதிவு செய்தோம். கணித ஆசிரியர் விரிதாளில் கணக்கிட்டார். புதிதாக இருந்தபோது கொண்டதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சர்வீஸ் மையத்தில் கேட்டுப் பெற்ற அறிக்கையும் அதற்கு அருகிலேயே வந்தது. உரிமையாளர் ஏமாற்ற நினைக்கவில்லை. அவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. விலையைக் குறைத்துப் பேசி முடித்தார்கள். அந்தக் கார்தான் இன்று எங்கள் பள்ளி வளாகத்தில் வேப்பமர நிழலில் நிற்கிறது. நிழலில் நிறுத்துவதற்கான காரணமும் இப்போது அவருக்குத் தெரியும்.

உலகமும் அந்தத் திசையில் நகர்கிறது. 2026 மாடல் முதல், பேட்டரியின் உடல்நிலையை உரிமையாளரே பார்க்கும்படி கார்கள் காட்ட வேண்டும் என்று 2022இல் கலிபோர்னியா விதி வகுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரி முதல் மின்வாகன பேட்டரிகளுக்கு 'கடவுச்சீட்டு' கேட்கிறது. ஆனால் விடைத்தாளைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது, படிக்கவும் தெரிய வேண்டும். நம் மாணவர்கள் நாளை வாங்கப்போகும் வண்டிகளிலும் கருவிகளிலும் ஏதேனும் ஒரு திரை 'நூறு' என்று காட்டத்தான் போகிறது. அப்போது 'எதில் நூறு?' என்று கேட்கும் பழக்கத்தை இன்றைய வகுப்பிலேயே தொடங்கிவைப்போம்.